எதிர்நிரைக்கு வந்தவள்

கிட்டே வாருங்கள், கண்ணுகளா. கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டுப் போர்வையை இழுத்துக்கொண்டு உட்காருங்கள். பயம் வந்தால் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளலாம், யாரும் சிரிக்கமாட்டோம். பிரிஞ்சாங் ஊருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நடந்ததைச் சொல்லப்போகிறேன்.

அன்று காலை ஒரு வெள்ளை வேன் மலையேறி வந்து எடைக் கொட்டகை முன்னால் நின்றது. பல்கலைக்கழகத்திலிருந்து உமாதேவி என்ற பெண் இறங்கினாள். அவள் பெட்டியில் நெருப்புப்பெட்டி அளவுக் கறுப்புக் கருவிகள் இருந்தன. சென்சார் என்றாள். இடுப்பிலும் தொடையிலும் கணுக்காலிலும் பட்டை போட்டுக் கட்டிக்கொண்டால், உடம்பு சாய்வதையும் கால் வீசுவதையும் ஆள் நிற்கும் இடத்தையும் அவை அளந்து மடிக்கணினிக்கு அனுப்பும். திரையில் ஒரு குச்சி உருவம் நம்மைப் போலவே குனியும், நிமிரும், நடக்கும்.

"மலையேறுற அக்காங்களுக்கு முட்டி ஏன் கெடுதுன்னு பார்க்கத்தான்" என்றாள். நல்ல மனசோடுதான் வந்திருந்தாள்.

தோட்டத்துக் கணக்கும் ஆள்பதிவும் பார்க்கும் கிராணி ராதாகிருஷ்ணனுக்கு வேறு நினைப்பு. முட்டி கெட்டவர்கள் யாரென்று மெஷினே காட்டிக்கொடுத்தால் வேலையை விட்டு நிறுத்துவது சுலபம். வேலை போனால் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போகும்.

கொழுந்தெடுக்கும் நீலாவதியின் வலது முட்டி சரியாக மடங்காது. அந்த லயத்து வீட்டில்தான் அவள் பிறந்தாள். புருஷனைச் சுடுகாட்டுக்கு அனுப்பியதும் அந்த வாசலிலிருந்துதான். அதை விட்டால் அவளுக்குப் போக்கிடம் கிடையாது.

"காய்ச்சல்னு சொல்லிட்டு வீட்டுக்குப் போயிடு லா, நீலா" என்று பக்கத்து வீட்டுக் கங்கா காதைக் கடித்தாள்.

"காய்ச்சல் எனக்கில்லடி. அந்தக் கிராணிக்குத்தான் வரப்போவுது."

அந்த மலையின் வேலைமுறை ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். கொழுந்தெடுப்பவர்கள் ஜோடி சேர்ந்துதான் ஒரு செடி வரிசையை, அதாவது நிரையை, பிடிப்பார்கள். ஒருத்தி கீழிருந்து கிள்ளிக்கொண்டே ஏறுவாள். மற்றவள் மேல் மூலையிலிருந்து கிள்ளிக்கொண்டே இறங்குவாள். இதற்கு எதிர்நிரை என்று பேர். நடுவில் சந்திக்கும்போது இறங்கியவள் கையை நீட்டுவாள். ஏறியவள் அதைப் பிடித்துக்கொண்டு அவளோடு மேல்பாதைக்குப் போவாள். அப்போதுதான் நிரை முடிந்ததாகக் கணக்கு.

நீலாவதிக்கு ஜோடி வேலாயி. நீலாவதி முட்டியைத் தேய்த்துக்கொண்டு கால்வாசி ஏறுவதற்குள் வேலாயி முக்கால்வாசி இறங்கி வந்து நிற்பாள். கொழுந்தைக் கூடையில் போடும்போது இடுப்பை ஒரு வெட்டு வெட்டுவாள், ஆடுகிறவள் மாதிரி. போன மழைக்காலத்தில் மேல் மூலை சரிந்தபோது அவள் மண்ணோடு போய்விட்டாள். உடம்பு கிடைக்கவில்லை.

"நீலாவதி, உனக்கு ஜோடி இல்ல. சரிவு நிரையில தனியா ஏறு" என்றார் கிராணி. "முடிக்கலைன்னா அடுத்த வாரம் வீட்டுச் சாவியக் கொடுத்துரு."

"எனக்கு ஜோடி இருக்கு. வேலாயிக்கும் ஒரு செட் கொடுங்க."

கொட்டகையே சிரித்தது.

"செத்தவளுக்கா?" என்றார் கிராணி.

"செத்துட்டான்னு யாரு பார்த்தா? மழை விடுறதுக்குள்ள தேடுறத விட்டுட்டீங்களே, கிராணி!"

சிரிப்பு நின்றது. உமாதேவி ஒரு செட்டை நீலாவதிக்குக் கட்டிவிட்டு, இரண்டாவது செட்டை எடுத்து நீட்டினாள். கங்கா அதை வாங்கிக்கொண்டு ஏறி, மேல் மூலைச் செடியில் மாட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் ஓடிவந்தாள்.

நீலாவதி ஏறத் தொடங்கினாள். பகல் வெளிச்சம் இருக்கும்போதே பனிமூட்டம் இறங்கியது. கொட்டகை மறைந்தது, பாதை மறைந்தது, கடைசியில் அவள் கூடையும் கையும்தான் கண்ணுக்குத் தெரிந்தன. முட்டி பிடித்து இழுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கிள்ளினாள்.

அப்போது மேலேயும் கிள்ளும் சத்தம் கேட்டது.

பட். பட். பட்.

அவள் கையை நிறுத்தினாள். அது நிற்கவில்லை.

ஈரக் களிமண் வாசனை வந்தது. புதிதாகத் தோண்டிய குழியின் வாசனை.

கீழேயிருந்து உமாதேவியின் குரல் மெல்லியதாக ஏறி வந்தது. "அக்கா... உங்களுக்கு மேல யாரு? ரெண்டாவது செட் நடக்குது."

பனிக்குள் பச்சைப் பொட்டுகள் தெரிந்தன. சென்சார் விளக்குகள். இரண்டு கணுக்கால் உயரத்தில், இரண்டு தொடை உயரத்தில், ஒன்று இடுப்பு உயரத்தில். அவற்றுக்கு நடுவே ஆள் இல்லை.

இடுப்புப் பொட்டு ஒரு வெட்டு வெட்டியது.

பொட்டுகள் குனிந்தன, நிமிர்ந்தன, ஒரு செடி இறங்கின. மறுபடி ஒரு செடி. அவளுக்கு நேர் எதிரே வந்து நின்றன.

பனியிலிருந்து ஒரு கை நீண்டது.

நகமெல்லாம் செம்மண்.

பிடித்தால் நிரை முடிந்தது. அவளோடு மேலே போகவேண்டியதுதான், முட்டியும் நோகாது, வீட்டுக் கவலையும் கிடையாது. நீலாவதியின் கை தானாக எழுந்தது. பாதியில் அவள் அதை இழுத்துக்கொண்டாள்.

"வரமாட்டேன்டி" என்று கிசுகிசுத்தாள். "உன்ன மண்ணு தள்ளிச்சு. என்னைய இவனுங்க தள்ளப் பார்க்குறானுங்க. நான் போகமாட்டேன். எனக்குக் கை கொடுக்கணும்னா கீழ வந்து கொடு."

கை அப்படியே நின்றது. பிறகு மெல்லத் தாழ்ந்தது.

குளிர்ந்த காற்று ஒன்று அவள் தோளை உரசிக்கொண்டு கீழே இறங்கிப் போனது. மேலே பார்த்தால், மூலை வரைக்கும் ஒரு கொழுந்து மிச்சமில்லை. நீலாவதி செடித் தூரைப் பிடித்துப் பிடித்து மேல்பாதைக்குத் தானே ஏறினாள். கூடை நிறைந்து வழிய, சுற்றுவழியில் கொட்டகைக்கு இறங்கினாள்.

அங்கே உமாதேவி மடிக்கணினியையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் ஒரு குச்சி உருவம், நீலாவதி, நொண்டியபடி வந்துகொண்டிருந்தது. இன்னொன்று நின்றுகொண்டிருந்தது.

"எங்க நிக்கிறா?" என்று கேட்டாள் நீலாவதி.

உமாதேவி கண்ணால் காட்டினாள். கிராணியின் நாற்காலிக்குப் பின்னால்.

கிராணியின் பின்கழுத்து வேர்த்திருந்தது. அவர் திரும்பவில்லை.

நீலாவதி கூடையை அவர் மேசைமேல் நங்கென்று வைத்தாள். "நிரை முடிஞ்சிருச்சு. இந்த முட்டி உங்க மலையில கெட்டது. வேலையும் விடமாட்டேன், வீடும் விடமாட்டேன். ஏதாச்சும் பேசணும்னா என் ஜோடிகிட்டப் பேசிக்குங்க. பக்கத்துலதான நிக்கிறா."

"நாளைக்கு... வேலைக்கு வா லா, நீலாவதி" என்றார் கிராணி.

உமாதேவி வேனை எடுத்துக்கொண்டு தானா ராத்தா ஊர்ப்பக்கம் இறங்கிப் போய்விட்டாள். அந்த இரண்டாவது செட் கடைசிவரை அவளுக்குக் கிடைக்கவில்லை. நீலாவதி இன்றும் அதே வீட்டில் விளக்கேற்றுகிறாள்.

கிராணியும் அதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறார். நடையைக் கணக்கெடுக்கும் கைக்கடிகாரம் ஒன்று கட்டியிருப்பார். அவர் அசையாமல் இருக்கும்போதும் அதில் நடை ஏறிக்கொண்டே இருக்கிறதாம். கழற்றி மேசைமேல் வைத்துப் பார்த்தார்.

அப்போதும் ஏறியது.

சரி, கையை விடலாம் கண்ணுகளா. உங்கள் வீட்டில் எல்லோரும் முட்டி நோகாமல் நடக்கட்டும். எந்தத் துரைக்கும் உங்கள் வாசலைப் பிடுங்கும் தைரியம் வராதிருக்கட்டும். போனவர்கள் வந்து நின்றாலும், உங்கள் பக்கமாகவே நிற்கட்டும்.