இருபத்தேழாம் எண் விதை

ஜப்பானின் ஒகசாகி நகரத்தில், ஆற்றங்கரையை ஒட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பில், நான்காம் மாடியின் கடைசி வீடு சயோவுடையது. பக்கத்து வீடு ரிக்கோவுடையது. இரண்டு வீட்டு பால்கனிகளுக்கும் நடுவே ஒரு மெல்லிய தடுப்புப் பலகை உண்டு. தீப்பிடித்தால் அதை உதைத்து உடைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்கு ஓட வேண்டும். தீ ஒருநாளும் பிடித்ததில்லை. சயோவும் ரிக்கோவும்தான் தினமும் அதன் ஓரமாகத் தலையை நீட்டிப் பேசிக்கொண்டிருப்பார்கள்.

இருவருக்கும் பத்து வயதானதும் முதல் வேலையாக அசகாவோ மன்றத்தில் பெயர் கொடுத்தார்கள்.

அசகாவோ என்பது விடியற்காலையில் விரிந்து, வெயில் ஏறும் முன் சுருங்கிவிடும் புனல் வடிவப் பூ. ஒன்றாம் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் நீல பிளாஸ்டிக் தொட்டியில் அதை வளர்த்தாக வேண்டும். மன்றத்துக்காரர்கள் வளர்ப்பது அந்தப் பூ அல்ல. கிழிந்த பூ, சுருண்ட பூ, இறகு மாதிரிப் பூ, பூவுக்குள் இன்னொரு பூ. பார்த்தால் அசகாவோ என்று சத்தியம் செய்தாலும் நம்ப முடியாது. ஒவ்வொரு வம்சத்துக்கும் ஓர் எண் இருக்கும். மே மாதம் மன்றம் விதை கொடுக்கும். வீட்டில் வளர்த்துப் பார்த்து, நோட்டில் எழுதி, அக்டோபரில் புது விதையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

மன்றத்தின் செயலாளர் ஒகுமுரா ஒரு பல் மருத்துவர். எல்லோரும் மரியாதையாக ஒகுமுரா சான் என்பார்கள். பல்லைப் பார்க்கும் குச்சிக் கண்ணாடியாலேயே பூவுக்குள்ளும் பார்ப்பார். அவர் இரண்டு சின்னக் காகித உறைகளைத் தோழிகள் முன் வைத்தார்.

"இது இருபத்தேழாம் எண். மொத்தமே பன்னெண்டு விதைதான் மிச்சம். ஆளுக்கு ஆறு. பத்திரம்."

கூடவே ஒரு குறிப்புத் தாளும் கொடுத்தார். அதில் நிறைய எழுதியிருந்தது. இருவரும் முதல் நான்கு வரியைப் படித்துவிட்டு மடித்து வைத்துவிட்டார்கள்.

ஒரே நாளில், ஒரே நகவெட்டியால் விதைத் தோலைச் சுரண்டினார்கள். ஒரே கிண்ணத்தில் ஊறவைத்தார்கள். நான்காம் நாள் காலையில் ரிக்கோவின் தலை பலகை ஓரமாக நீண்டது.

"சயோ, என்னோடதுல ரெண்டு செடி வேற மாதிரி இருக்குடீ. இலை ஊசி மாதிரி வருது. உன்னோடது?"

சயோ தன் ஆறு நாற்றுகளையும் பார்த்தாள். ஆறும் கொழுகொழுவென்று, பள்ளிக்கூடத்து அசகாவோ போலவே முளைத்திருந்தன.

"இனிமேதான் மாறும்" என்றாள்.

மாறவில்லை. அவள் தினமும் இலையை அளவுகோல் வைத்து அளந்தாள். அகலம் கூடிக்கொண்டே போனது.

ஜூன் நடுவில் குடியிருப்புக் காவலர் ஓர் அறிவிப்பு ஒட்டினார். தடுப்புப் பலகை முன்னால் தொட்டி, சைக்கிள், எதுவும் இருக்கக் கூடாது. ரிக்கோ இரண்டு ஊசியிலைச் செடிகளை மட்டும் ஓரமாக நகர்த்தி வைத்துக்கொண்டு, சாதாரணமாக இருந்த மற்ற நான்கையும் பிடுங்கிக் கீழே குப்பை போடும் இடத்தில் எறிந்தாள். இருக்கிற உரம் முழுவதும் அந்த இரண்டுக்கே கிடைக்கும் என்று சயோவிடம் சொன்னாள்.

சயோவும் தன்னுடையவற்றைப் பிடுங்கத்தான் போனாள். அம்மா விடவில்லை. கடைசி வீடு என்பதால் அவர்கள் சமையலறைப் பக்கம் மேற்கு பார்த்த ஒரு குட்டி பால்கனி இருந்தது. சாயங்கால வெயில் அங்கே அடித்தால் அடுப்பே வேண்டாம், மீன் தானாக வெந்துவிடும் என்பாள் அம்மா. வலை கட்டிக் கொடியை ஏற்றினால் நல்ல நிழல் கிடைக்கும் என்று ஆறு தொட்டிகளையும் அங்கே கொண்டுபோய் வைத்துவிட்டாள்.

ஜூலை கடைசியில் பூத்தது. ஆறு கொடியிலும் வட்டமான நீலப் பூக்கள். சயோவின் தம்பி ஷுன் ஒன்றாம் வகுப்பு. கோடை விடுமுறைக்குத் தன் நீலத் தொட்டியை வீட்டுக்குக் கொண்டு வந்திருந்தான். அதை அக்காவின் தொட்டிகளுக்குப் பக்கத்தில் வைத்து, இரண்டையும் மாறிமாறிப் பார்த்தான்.

"அக்கா, உன்னோடதும் என்னோடதும் ஒண்ணுதான். நீயும் ஒண்ணாங்கிளாஸா?"

சயோ அவன் தொப்பியைப் பிடுங்கித் துணி துவைக்கும் இயந்திரத்துக்குள் போட்டாள்.

அடுத்த வாரம் ரிக்கோவுடையது பூத்தது. விடியற்காலை நாலரை மணிக்கே கூப்பிட்டாள். சயோ கண்ணைக் கசக்கிக்கொண்டு பலகை ஓரமாக எட்டிப் பார்த்தாள். பார்த்த பிறகு தூக்கம் வரவில்லை.

இளம் ஊதா நிறத்தில் நூல் நூலாகப் பிரிந்த இதழ்கள். ஒவ்வொரு நூலின் நுனியும் வெள்ளையாகச் சுருண்டிருந்தது. ஆற்றங்கரைத் திருவிழாவில் விடும் வாணம் வெடித்துச் சிதறும்போது, யாரோ அதைப் பிடித்து நிறுத்தி வைத்தது போல் இருந்தது.

"எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு" என்றாள் சயோ. காலைச் சாப்பாடு அவளுக்கு இறங்கவில்லை.

அன்றிலிருந்து அவள் முன் பால்கனிக்குப் போவதைக் குறைத்துக்கொண்டாள். பக்கத்து வீட்டிலிருந்து ரிக்கோ பாடுவது கேட்டாலே எரிச்சலாக இருந்தது. ஒரே கிண்ணத்தில் ஊறிய விதைதானே, ரிக்கோ எடுத்த ஆறை நானும் நான் எடுத்த ஆறை அவளும் எடுத்திருந்தால் என்ன என்று யோசித்தாள். மழை பெய்தால், அந்தப் பூவின் மேல் மட்டும் கொஞ்சம் பலமாகப் பெய்யட்டும் என்று நினைத்தாள். பிறகு, அப்படி நினைத்ததற்காகத் தன் மேலேயே கோபப்பட்டாள். அடுத்த மழைக்கும் அதையே நினைத்தாள்.

ஆகஸ்டில் கண்காட்சி நடந்தது. பூக்கள் சுருங்கும் முன் பார்க்க வேண்டும் என்பதால் காலை ஐந்தரைக்கே சமூகக் கூடம் நிறைந்துவிட்டது. ரிக்கோவின் செடிக்கு மேல் வரிசையில், நட்டநடுவில் இடம். நகரப் பத்திரிகையிலிருந்து ஒருவர் வந்து ரிக்கோவைப் படம் எடுத்தார்.

ஒகுமுரா சான் சயோவிடம் வந்து அவளுடைய இருபத்தேழு எங்கே என்று கேட்டார். ஒன்றாம் வகுப்புப் பூவைப் பற்றிச் சொல்ல சயோவுக்கு வாய் வரவில்லை.

"எல்லாம் வாடிப் போச்சு. தூக்கிப் போட்டுட்டேன்" என்றாள்.

பக்கத்தில் நின்ற ரிக்கோ அவள் கையைப் பிடித்து, பாவம்டீ நீ என்றாள். அதுதான் எல்லாவற்றையும்விட மோசமாக இருந்தது.

செப்டம்பர் கடைசியில் மன்றத்தின் கூட்டம். எல்லோரும் எத்தனை காய் பிடித்திருக்கிறது என்று சொன்னார்கள். ரிக்கோ மட்டும், தன் செடியில் இன்னும் ஒன்றுகூடப் பிடிக்கவில்லை என்று சொல்லித் தொட்டியை மேசை மேல் வைத்தாள். கடைசியாக ஒரு பூ மிச்சம் இருந்தது. ஒகுமுரா சான் குச்சிக் கண்ணாடியை அதற்குள் நுழைத்து வெகுநேரம் பார்த்தார். அவர் முகம் சொத்தைப் பல்லைப் பார்த்தது போல் ஆனது.

"உள்ள இருக்க வேண்டியது எல்லாமே இதழா மாறிடுச்சு. இது காய்க்காதும்மா. இதோட கூடப் பொறந்த சாதாரணச் செடி நாலு இருந்திருக்குமே, அது எங்க?"

"பிடுங்கிப் போட்டுட்டேன்" என்றாள் ரிக்கோ.

ஒகுமுரா சான் கண்ணாடியைத் துடைத்து வைத்தார். பிறகு மெதுவாக விளக்கினார். விசித்திரமாகப் பூக்கும் செடி விதை தராது. பார்க்கச் சாதாரணமாக இருக்கிற அதன் உடன்பிறப்புகளில் சிலவற்றுக்குள்தான் அந்தப் பூ ஒளிந்திருக்கும். அவற்றின் விதையை முளைக்கப் போட்டால்தான் அடுத்த வருடம் மறுபடி வெளியே வரும். குறிப்புத் தாளின் கடைசி வரியில் எழுதியிருந்தேன், நேரிலும் சொல்லியிருக்க வேண்டும், தப்பு என் மேலும் இருக்கிறது என்றார்.

"சயோவோடதும் வாடிப் போச்சு. அப்போ இருபத்தேழு இதோட முடிஞ்சுது" என்று சொல்லிவிட்டுத் தன் பெரிய நோட்டில் அந்த எண்ணின் மேல் பென்சிலால் ஒரு கோடு போட்டார்.

ரிக்கோவின் கண்ணீர் தொட்டி மண்ணில் விழுந்தது. சயோ தன் காலணியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் நேராகச் சமையலறை பால்கனிக்குப் போனாள். வலை முழுக்கக் காய். முற்றிப் பழுப்பு நிறமாகி, தொட்டால் நொறுங்கும் பதத்தில் இருந்தன. ஒவ்வொரு கொடிக்கும் ஓர் உறை எடுத்து, ஒன்று முதல் ஆறு வரை எண் போட்டாள். பறித்த காய்களை அந்தந்த உறையில் போட்டாள். யாரிடமும் சொல்லவில்லை.

இரண்டு நாள் அவளுக்கு இனிப்பாகக் கழிந்தது. அடுத்த ஆகஸ்டில் மேல் வரிசை, நட்டநடு இடம். ஊரிலேயே அவளிடம் மட்டும் இருபத்தேழு. பத்திரிகைக்காரர் கேட்டால் என்ன சொல்வது என்று குளியல் தொட்டியில் உட்கார்ந்து பேசிப் பார்த்தாள். ரிக்கோ கீழே நின்று அண்ணாந்து பார்ப்பது போலவும், இவள் அவள் கையைப் பிடித்துப் பாவம்டீ நீ என்று சொல்வது போலவும் நினைத்துப் பார்த்தாள். அந்த இடம் வந்தபோது தண்ணீர் ஆறிப்போயிருந்தது.

மூன்றாம் நாள் பள்ளி விட்டு வந்து, மிச்சமிருந்த காய்களைப் பறித்துக்கொண்டிருந்தாள். இலைகளுக்கு நடுவே கீழே பார்த்தபோது, குப்பை போடும் இடத்துக்குப் பின்னால் யாரோ முட்டி போட்டுக்கொண்டிருப்பது தெரிந்தது. ரிக்கோ. சாப்பாட்டுக் குச்சியால் காய்ந்த புல்லையும் சருகையும் கிளறிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு காலித் தொட்டி. ஜூனில் எறிந்த நாற்றைத் தேடுகிறாள் என்று சயோவுக்குப் புரிந்தது. அதில் ஒன்று வேர் பிடித்துப் பிழைத்திருக்காதா என்று தேடுகிறாள். பாவாடை முழுக்கச் சேறு.

முதலில் சயோவுக்குச் சிரிப்பு வந்தது. அது பாதியிலேயே நின்றுவிட்டது.

ரிக்கோ எதையோ கண்டுபிடித்துவிட்டாள். வேலிக் கம்பியில் சுற்றியிருந்த ஒரு கொடி. அதை வேரோடு தோண்டி, இரண்டு கையாலும் தாங்கித் தொட்டியில் வைத்து, பாட்டில் தண்ணீரை ஊற்றினாள். நாலு மாடி உயரத்திலிருந்தே சயோவுக்கு அது என்னவென்று தெரிந்தது. எல்லா வேலியிலும் தானாகப் படர்கிற காட்டுக் கொடி. ரிக்கோ அதை ஒரு வருடம் தண்ணீர் ஊற்றி வளர்ப்பாள்.

சயோ வலையை விலக்கித் தலையை வெளியே நீட்டினாள்.

"ரிக்கோ, அது இல்ல. அது வேலிக் கொடி. அதை அங்கேயே வச்சுட்டு மேல வா."

ரிக்கோ வந்தாள். சமையலறை பால்கனியில் ஆறு கொடிகளையும், ஷுன் ஸ்டூலில் ஏறிக் காயை எண்ணிக்கொண்டிருந்ததையும் பார்த்தாள். சேற்றுக் கையைத் துடைக்கவும் மறந்து நின்றாள்.

"வாடிப் போச்சுன்னு சொன்னியே."

"பொய்."

"எதுக்குடீ?"

சயோ ஒரு காயை உருட்டிக்கொண்டே இருந்தாள். "உன் பூவைப் பாத்தாலே எனக்கு வயிறு எரிஞ்சுது. இதைப் போய் யார்கிட்ட காட்டறது."

திட்டப் போகிறாள் என்று சயோ காத்திருந்தாள். ரிக்கோ கொடிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். காய்களைத் தொட்டுப் பார்த்தாள். பெருமூச்சு விட்டாள்.

"இவ்வளவு காயா. எனக்கு இப்ப எரியுதுடீ."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. எதற்கென்று தெரியாமலே ஷுனும் சிரித்து, ஸ்டூலிலிருந்து விழப் பார்த்தான்.

பிறகு சமையலறை மேசையில் உட்கார்ந்து, குறிப்புத் தாளை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தார்கள். ஆறு கொடியில் எதற்குள் அந்தப் பூ ஒளிந்திருக்கிறது என்று பார்த்துத் தெரிந்துகொள்ள வழியே இல்லை. எல்லாவற்றையும் முளைக்கப் போட வேண்டும். ஒரு வீட்டு பால்கனியில் அதற்கு இடம் போதாது. சயோ ஒரு யோசனை சொன்னாள். ஒவ்வொரு உறையையும் மூன்றாகப் பிரிக்கலாம். மன்றத்துக்கு ஒரு பங்கு, ரிக்கோவுக்கு ஒரு பங்கு, தனக்கு ஒரு பங்கு.

ஒகுமுரா சான் உறைகளை வாங்கிக்கொண்டு, வாடிப்போன செடி நன்றாகக் காய்த்திருக்கிறதே என்று மட்டும் சொன்னார். சயோவின் காது சிவந்தது. அவர் அழிப்பானை எடுத்து அந்தப் பென்சில் கோட்டை அழித்தார்.

அடுத்த ஜூனில் இரண்டு பால்கனியிலும் முட்டை அட்டைகள் பரந்திருந்தன. ஒவ்வொரு குழியிலும் ஒரு விதை. ஒரு குழிகூடத் தடுப்புப் பலகை முன்னால் இல்லை. ஐந்தாம் நாள் காலையில் சயோ குனிந்து, மூச்சுப் படாமல் ஒவ்வொரு நாற்றாகப் பார்த்துக்கொண்டு போனாள். கொழுகொழு, கொழுகொழு, கொழுகொழு. நான்காம் உறையின் வரிசையில் ஓர் ஊசியிலை. அதற்கு அடுத்த குழியில் இன்னொன்று.

பலகையின் அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"சயோ, எனக்கு ரெண்டு வந்திருக்கு. உனக்கு எத்தனை?"

சயோ கடைசி வரிசையை இன்னொரு தடவை பார்த்தாள். மூலையில், மண்ணைத் தள்ளிக்கொண்டு, ஊசி போல் ஒல்லியாக ஒன்று தலை தூக்கிக்கொண்டிருந்தது.

"மூணு" என்றாள்.

அந்தப் பக்கம் ரிக்கோ தன் குழிகளை மறுபடி முதலிலிருந்து எண்ணுவது கேட்டது. சயோ அன்று காலையில் இரண்டு கிண்ணம் சோறு சாப்பிட்டாள்.