பூவும் புல்லும் ஒரே குவியலில்

மழை வலுத்த நேரத்தில்தான் கள்ளன் கையும் களவுமாகப் பிடிபட்டான்.

நூலகத்து மூலையில், பொதுக் கம்ப்யூட்டருக்கு முன்னால், முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். திரையில் இரண்டாயிரம் துண்டுகளாகச் சிதறிக் கிடந்தது ஒரு மலைச்சரிவு. யார் வேண்டுமானாலும் வந்து நாலு துண்டு சேர்த்துவிட்டுப் போகலாம் என்று நூலகத்து அக்கா போட்டு வைத்த ஜிக்சா படம் அது. அவனைப் பிடித்தவளுக்கு எதிர்ச்சாரிப் பெயிண்ட் கடையில் நிறம் கலக்கிற வேலை. முதலாளி வைத்த பட்டப்பெயர் ‘வர்ணம்’. தினமும் சாப்பாட்டு வேளையில் ஓடி வந்து, சிவப்புப் பூத்துண்டுகளை ஒரு குவியலாகவும் பச்சைப் புல்துண்டுகளை ஒரு குவியலாகவும் திரையின் ஓரத்தில் பிரித்து வைப்பாள். மறுநாள் வந்தால் பூவும் புல்லும் கலந்து கிடக்கும்!

“ஓஹோ... நீங்கதானா அது?”

அவன் திரும்பினான். மழைத்துளி இன்னும் காயாத இமைகள்... அவள் மனப்பாடம் செய்து வைத்திருந்த வசவில் பாதி அந்தக் கண்களைப் பார்த்ததும் மறந்துபோனது. என்ன செய்ய, மீதிப் பாதியே தாராளமாக இருந்தது.

“எதுங்க?”

“நான் பிரிச்சு வச்சதைக் கலைக்கிற ஆளு! எனக்கென்ன வேற வேலை இல்லையா?”

“கலைக்கலைங்க, அடுக்கினேன். துண்டுல ரெண்டு காது நீட்டிக்கிட்டு இருக்கறது ஒரு வரிசை, மூணு காது இருக்கறது ஒரு வரிசை. உங்க ரெண்டு குவியலும் ஒரே மாதிரிதானே இருந்துச்சு?”

“ஒரே மாதிரியா! ஏங்க, கண்ணு தெரியாதா உங்களுக்கு? சின்னக் குழந்தைகூடச் சொல்லிடுமே!”

“உஷ்...” என்றாள் அக்கா தூரத்திலிருந்து.

அவன் நாற்காலியை ஓசைப்படாமல் உள்ளே தள்ளிவிட்டு, கொட்டுகிற மழையில் இறங்கி நடந்தான். குடையை மறந்துவிட்டான். ஜெயித்துவிட்டோம் என்று அவள் உட்கார்ந்தாள். ஏனோ ஒரு பூகூடப் பொருந்தவில்லை.

அதன்பிறகு குவியல்களை யாரும் தொடவே இல்லை. பூ முடிந்தது, புல் முடிந்தது... வானம் மட்டும் நின்றுவிட்டது. மேலிருந்து கீழ்வரை ஒரே நீலம். ஆயிரம் நிறம் கலக்கிற கண்ணுக்கு அங்கே பிடி கிடைக்கவில்லை. அதைவிட, கதவு திறக்கும்போதெல்லாம் தலை தானாகத் திரும்புவதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

“முக்குக் கடைச் சாவிக்காரத் தம்பியை என்னடி சொன்னே? ஆளையே காணோம்” என்றாள் அக்கா. “குடையைக் கொண்டுபோய்க் குடு. கண்டபடி பேசறது உனக்குப் புதுசா என்ன?”

நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால்... குடையோடு போனவள் மன்னிப்புக் கேட்க வாய் வராமல், வீட்டுச் சாவிக்கொத்தை நீட்டினாள்.

“சிவப்பு மூடி போட்ட சாவிக்கு ஒண்ணு வெட்டிக் குடுங்க.”

கொத்தில் இருந்த சிவப்பு மூடிச் சாவிக்கும் பச்சை மூடிச் சாவிக்கும் நடுவே அவன் விரல்கள் தயங்கி நின்றன.

“பெரிய பல்லு இருக்கறதா, சின்னப் பல்லு இருக்கறதா?”

“சிவப்புன்னு சொன்னேனே...”

“அதுதாங்க தெரியாது” என்றான் மெதுவாக. “சிவப்பும் பச்சையும் எனக்குப் பொறந்ததுலேர்ந்தே ஒண்ணுதான். அன்னிக்கு நீங்க சொன்னது நிஜம்தாங்க.”

என்ன வாய் இது... கடவுளே, என்ன வாய்!

“அப்பவே சொல்லியிருக்கலாமே...”

“சொன்னா பாவம்னு பாப்பீங்க. சட்டை எடுத்துக் குடுக்கும்போது எங்கம்மாவே அப்படித்தான் பாக்கறாங்க. நீங்களும் அப்படிப் பாக்க வேணாம்னு தோணுச்சு.”

“ஏன்... நான் மட்டும் என்ன உசத்தி?”

அவன் இயந்திரத்தை ஓடவிட்டான். அந்த இரைச்சலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான் என்றே சொல்ல வேண்டும். காது மட்டும் சிவந்திருந்தது. அந்தச் சிவப்பைப் பார்க்க அவளுக்குக் கண் இருந்தது.

“பாவம் பாக்க வரலைங்க” என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. “தப்பு என்னோடது. அதோட... வானம் பாக்கி நிக்குது. எல்லாம் ஒரே நீலம். என் கண்ணு அங்க செல்லாது. நீங்க வரணும்.”

மறுநாள் மதியம் அவன் வந்தான். மவுஸ் ஒன்று, நாற்காலி இரண்டு. காதையும் பள்ளத்தையும் பார்த்த மாத்திரத்தில் அவன் பொருத்தப் பொருத்த, வானம் மளமளவென்று மூடிக்கொண்டு வந்தது.

“இவ்வளவு நாளும் யார் குவியல்னு தெரியாமலா அடுக்கினீங்க?” என்றாள் வேண்டுமென்றே.

“தெரியும். நீங்க தெருவைத் தாண்டி ஓடி வர்றதை தினமும் கடையிலேர்ந்து பாப்பேன். உங்களுக்குச் சுளுவா இருக்கட்டும்னுதான் அடுக்கி வச்சேன்.”

உதவியைப் போயா உபத்திரவம் என்று திட்டித் தீர்த்தோம்! அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

கடைசித் துண்டு மிஞ்சியது. இருவரும் தொடவில்லை. வைத்துவிட்டால் படம் முடிந்துவிடும். நாளைக்கு வர ஒரு காரணமும் இருக்காது.

“எனக்கு நிறம் தெரியாதுங்க” என்றான் அவன் திரையைப் பார்த்தபடியே. “ஆனா நீங்க வராத நாள் எப்படி இருக்கும்னு நல்லாத் தெரிஞ்சுபோச்சு. எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு.”

வெளியே மழை பிடித்துக்கொண்டது. அவள் மவுஸின் மேலிருந்த அவன் கையின் மேல் தன் கையை வைத்து, கடைசித் துண்டை நகர்த்தி இடத்தில் சேர்த்தாள்.

“அடுத்த படத்தை நம்ம வீட்டுலயே போட்டுக்கலாம்” என்றாள். “சட்டை எடுத்துக் குடுக்கற வேலையும் இனிமே எனக்கு.”