இரண்டு மோட்டாருக்கு நடுவே

கரண்டு போய்த் தறிகள் நின்ற பிறகும் கோவர்த்தனனின் வலது குதிகால் தரையைத் தட்டிக்கொண்டே இருந்தது. அதை முறைத்துப் பார்த்தான். நாற்பது வயதாகப்போகிறது, சொந்தக் காலே பேச்சைக் கேட்கவில்லை. முதலாளி எங்கே கேட்கப்போகிறார்.

நகரி ஆந்திராவுக்கா மதராசுக்கா என்று ஊரே கட்சி கட்டிக் கத்திக்கொண்டிருந்த வருஷம் அது. அந்தக் கத்தல் தறிக்கொட்டகைக்குள் மட்டும் நுழையாது. எண்ணெயும் கஞ்சிப்பசையும் பஞ்சுத் தூசியும் மணக்கும் சந்தில், இடப்பக்கம் ஒரு மோட்டார், வலப்பக்கம் ஒரு மோட்டார், நடுவே கோவர்த்தனன். தை மாசம் மெக்கானிக் கிருஷ்ணப்பா வந்து வலது மோட்டாரின் வேகத்தைத் துளி கூட்டிவிட்டுப் போனான். அன்றிலிருந்து இரண்டு ரீங்காரங்களுக்கும் நடுவே மூன்றாவதாக ஒன்று. மெதுவாக வீங்கி வடிந்து, வீங்கி வடிந்து.

"அது வெளிய இல்லப்பா," என்றான் கிருஷ்ணப்பா. பட்டாளத்தில் ரேடியோ பார்த்தவன். "இந்தக் காதுக்கு ஒண்ணு, அந்தக் காதுக்கு ஒண்ணு. ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்த மூளையே ஒரு சத்தமா பண்ணிக்கினு கேக்குது. ஒரு காத மூடு, போயிடும்."

மூடினான். போய்விட்டது. அதுவரை விஞ்ஞானம்.

"அதோட ஓடப் பழகிட்டா ஒடம்புக்கு வலியே தெரியாது." இது அவனே முதலாளியைக் குஷிப்படுத்தச் சொன்னது.

கோவர்த்தனன் இரண்டையும் நம்பினான். நம்பியதோடு நிற்கவில்லை. இடுப்பு வலியில் பெண்டாட்டி வள்ளி அழுதபோது, தார்க்குச்சியில் நூல் சுற்றும் கைராட்டையைத் தானே தூக்கி வந்து அந்தச் சந்தில் போட்டு அவளை உட்காரவைத்தான். ஏற்கெனவே மூன்று தங்காமல் போன வயிறு. இது ஏழாம் மாசம். வலி நின்றது. பெரிய டாக்டரைப் போல ஊரெல்லாம் பீற்றிக்கொண்டான். ஒரு மாசமாக அவள் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறாள்.

இன்று கரண்டு போனதும் மற்றவர்கள் டீக்குப் போய்விட்டார்கள். மோட்டார்கள் ஆறிக் கிடந்தன. அந்த மூன்றாவது சத்தம் மட்டும் கேட்டது.

இடது காதை மூடினான். கேட்டது. இரண்டையும் மூடினான். இன்னும் தெளிவாகக் கேட்டது.

பைத்தியம்தான் என்று தீர்மானித்ததும் நிம்மதியாக இருந்தது. எந்த ராஜ்யத்தில் மனுக் கொடுப்பது என்றுதான் தெரியவில்லை.

"மாமா," என்றாள் வள்ளி, ராட்டையிலிருந்து கண்ணெடுக்காமல். "கரண்டுதான் இல்லியே. எந்தத் தறி ஓடிக்கினு கீது?"

அவள் பக்கம் திரும்பினான். "உனுக்கும் கேக்குதா?"

"காதுல இல்ல." வயிற்றில் கை வைத்தாள். "இங்க."

மண்டியிட்டான். புடவைமேல் காதை வைத்தான். குழந்தையின் நெஞ்சு குருவி மாதிரி படபடக்கும் என்று மருத்துவச்சி ரத்னம்மா சொல்லியிருந்தாள். குருவி இல்லை.

வீக்கம். வடிதல்.

வீக்கம். வடிதல்.

"ஒதைக்குதா வள்ளி?"

"நேத்துலேர்ந்து ஒதைக்கல மாமா. இதான்."

"எழுந்திரு. ரத்னம்மா கைல காட்டலாம். எழுந்திரு!"

அவள் எழவில்லை. சிரித்தாள். "ஏன் மாமா பதறிக்கினு கீற? எனுக்கு ஒண்ணும் வலிக்கல."

அப்போதுதான் அவன் முழங்கால் நனைந்தது.

குனிந்தான். கூரையின் கண்ணாடி ஓட்டு வழியே வெளிச்சம். அவள் உட்கார்ந்திருந்த பலகையின் கீழே குளம். அதன்மேல் பஞ்சுத் தூசி, சிவந்து. காற்றே இல்லை. தூசி உயர்ந்தது. தாழ்ந்தது. உயர்ந்தது.

"வலிக்கவே இல்ல மாமா," என்றாள் வள்ளி, ராட்டையைச் சுற்றிக்கொண்டே.