திகதி வேண்டாம்

லவினாவின் கடைசிக் குறிப்புக்கு மேலே இன்றைய திகதி இருந்தது. லவினா இறந்து இருபத்தாறு நாள்.

ஷெல்டனுக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. மனைவியின் போனிலுள்ள குறிப்புகளையெல்லாம் வேர்ட் கோப்பாக மாற்றி அனுப்பும்படி நினைவுமலர்க் குழுத் தலைவர் பீற்றர் உத்தரவிட்டிருந்தார். முப்பத்தோராம் நாள் பூசைக்கு மலர் அச்சாக வேண்டும். குழுவில் மொத்தம் மூன்று பேர்; மூவருக்கும் பதவி உண்டு.

மாற்றும்போது மேலே எந்தத் திகதி போடுவது என்று போன் கேட்கும்: எழுதிய நாள், மாற்றும் நாள், திகதி வேண்டாம். கைதவறி இரண்டாவதைத் தொட்டிருப்பேன் என்று நினைத்துக்கொண்டார்.

பீற்றர் அழைத்தார். "ஷெல்டன், எழுதின திகதி கட்டாயம் வேணும். நாளைக்கு இது ஒரு ஆவணம், விளங்குதா?"

"மீன் கறிக் குறிப்புக்குமா அண்ணன்?"

"மீன் கறிக்கும்தான். முன்னுரை நான் எழுதிப்போட்டன். 'அன்புக் கணவரின் கைகளில் உயிர் நீத்தார்' எண்டு. சரிதானே?"

"ஓம்," என்றார் ஷெல்டன்.

சரியில்லை. அவள் இறந்த அன்று பின்னேரம் அவர் கொட்டாஞ்சேனைத் திருவிழா மேடையில் யாருக்கு எந்தக் கதிரை என்ற மூன்று மணிநேரக் கூட்டத்தில், போனின் சத்தத்தை நிறுத்திவிட்டு இருந்தார். முன்வரிசைக் கதிரை கிடைத்தது. வீட்டுக்கு வந்தபோது படுக்கையறையில் லவினா குளிர்ந்து கிடந்தாள். கடைசிக் குறிப்பு ஒரேயொரு வரி: 'நெஞ்சு நோகுது. மூண்டு தரம் போன் அடிச்சன். இன்னும் வரேல்ல.'

அதை அழிக்க அவருக்குக் கை வரவில்லை. அவள் கடைசியாக எழுதியது. திகதியை மட்டும் எடுத்துவிட்டால் அது எந்த நாளாகவும் இருக்கலாம். முப்பத்தேழு வருடத்தில் அவள் அவருக்காகக் காத்திருக்காத நாள் எது?

'திகதி வேண்டாம்' என்பதைத் தொட்டு, கோப்பைக் கணினியில் திறந்தார். இன்றைய திகதி. மாலை 4.12.

மீண்டும் மாற்றினார். இன்றைய திகதி. 4.14.

வெளியே கடல் பக்கமிருந்து வந்த மழை தகரக் கூரைகளை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டு ஒழுங்கைக்குள் நுழைய, நேரத்துக்கு முன்பே இருண்டுவிட்ட விறாந்தையில், இருபத்தாறு நாளாகப் பூட்டாமல் வெறுமனே சாத்தியிருந்த படுக்கையறைக் கதவின் அடியிலிருந்து, அவள் நெஞ்சில் பூசும் தைலத்தின் வாசம், இப்போதுதான் போத்தலைத் திறந்ததுபோல் புதிதாக வந்தது. அவர் எழுந்து கதவுவரை நடந்தார். தொடவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்தார்.

மறுபடி மாற்றினார். 4.17.

இப்போது இரண்டு வரிகள்.

'நடக்கிற சத்தம் கேக்குது. அவர்தான்.'

மழை நின்றிருந்தது. எப்போது நின்றது?

"லவினா," என்றார். "கூட்டம் முடிய நேரமாகிப்போச்சு."

கதவைப் பார்த்தார். வாசம் மட்டும். போனை எடுத்து மறுபடி தொட்டார்.

4.19.

'வந்திட்டார். உள்ளுக்கு வரப் பயப்பிடுறார். பரவாயில்ல, நானே வாறன்.'

கட்டில் கிரீச்சிட்டது.

வெறுங்கால். ஒன்று. இன்னொன்று.

கதவின் கைப்பிடி உள்ளேயிருந்து மெல்லத் திரும்பியது.