மூச்சுத் துளை

கத்தியை வாங்கிய கையில் கையுறை இல்லை.

கில்லாக் அதைக் கவனித்தான், பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பனிவீட்டின் உச்சிக் கட்டியை உள்ளே நின்றபடியே பொருத்தி, பக்கத்தில் மூச்சுத் துளையும் குடைந்து முடித்த நேரம், தோள்கள் இரண்டும் விண்விண்ணென்று வலித்தன. துளை வழியாக ஒரு கை இறங்கி, விரல்களை மடக்கிக் கேட்டது. வெளியே இடுக்குகளில் பொடிப்பனி அடைத்துக்கொண்டிருந்தவன் மனைவியின் அண்ணன் தூலிமாக். அவன் கத்தி காலையிலேயே முறிந்துவிட்டது. தங்கை வெள்ளை ரோமம் வைத்துத் தைத்துக் கொடுத்த கையுறையைக் கழற்றிவிட்டுக் குளிரிடம் வீம்பு காட்டுகிறான் போலும் என்று நினைத்து, கில்லாக் தன் திமிங்கில எலும்புக் கத்தியைக் கொடுத்துவிட்டான்.

கொடுத்த பிறகுதான் சுருக்கென்றது. வாசலை இன்னும் வெட்டவில்லை. உள்ளே நிற்பவன் வாசல் வெட்டாமல் கத்தியைக் கைவிடக் கூடாது என்பது பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். இதைச் சொல்லிச் சொல்லியே தூலிமாக் கோடைவரை மானத்தை வாங்குவான்.

கில்லாக் தனக்குள் சிரித்தபடி காத்திருந்தான். சீல் எண்ணெய் விளக்கின் வாடை புதுப்பனியின் ஈர மணத்தோடு கலந்து மூக்கில் ஏறியது. பட், பட்டென்று பனி அடைக்கும் ஓசை சுவரைச் சுற்றிச் சுற்றி வந்தது. அடியில் தொடங்கி, இடுப்புயரம், தலையுயரம், அதற்கும் மேலே. பனி நெரியும் காலடி ஓசை மட்டும் கேட்கவே இல்லை.

பிறகு எட்டத்தில் நாய்கள் குரைத்தன. சறுக்குவண்டி உரசிக்கொண்டு வந்து நின்றதும் பட்பட்டென்ற ஓசை நின்றது.

"மாப்ளே," என்றான் தூலிமாக், மூச்சிரைக்க. "பாழாப்போன நாய்ங்க வண்டியோட ஓடிருச்சுங்க. கடல்முனை வரைக்கும் நாயா அலைஞ்சு புடிச்சேன். ஆமா, இடுக்கெல்லாம் யாரு அடைச்சது?"

கில்லாக் சுவரை ஒட்டி நின்று குரல் கொடுத்தான். "நீதானே மச்சான்? கத்திகூட வாங்குனியே."

"நான் எங்க வாங்குனேன்? இப்பத்தானே வர்றேன்."

கில்லாக் அண்ணாந்து பார்த்தான். வளைந்து சரியும் கூரையைத் தாண்டி, வெளியே நிற்கும் எந்த மனிதனுக்கும் அந்தத் துளை எட்டாது. யாராவது ஏறியிருந்தால் கூரை இந்நேரம் உள்ளே விழுந்திருக்கும்.

வெளியே நாய்கள் எல்லாம் ஒரே நேரத்தில் அடங்கின.

"மச்சான், வண்டியில ஏறு. போயிரு."

வண்டி நகரும் ஓசை எழவில்லை.

பட். பட். நிதானமாக.

தூலிமாக் வெளியே இருக்கிறான். அதுவும் வெளியே இருக்கிறது. மச்சானை விட்டுவிட்டுப் பெண்டாட்டி முகத்தில் எப்படி விழிப்பது? கில்லாக் சுவரை உதைத்தான். மீண்டும் உதைத்தான். அசையவில்லை. அவ்வளவு நன்றாக அடைத்திருந்தது.

துளை இருண்டது.

கை இறங்கியது. மணிக்கட்டு. முழங்கை. அதற்கு மேல் இன்னொரு முழங்கை. கத்தியின் கைப்பிடியை அவன் பக்கம் நீட்டியது. கைப்பிடி நனைந்து ஆவி விட்டது.

"இந்தா மாப்ளே," என்றது தூலிமாக்கின் குரல். மூச்சிரைப்பு இல்லை. "வாசலை வெட்டு."

துளை அடைபட்டதில் விளக்குச் சுடர் சுருங்கத் தொடங்கியது. கை காத்திருந்தது. இந்த முறை அதில் கையுறை இருந்தது; வெள்ளை ரோமம் வைத்துத் தைத்தது.