முப்பது நொடிக்கு ஒரு படம்

படத்தில் இரண்டு ஜோடிச் செருப்புகள் இருந்தன.

ஜெபசீலி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தாள். குளிர் அறையின் கதவுக்கு வெளியே, சிமென்ட் தரையில், அவளுடைய பழுப்புச் செருப்பு. அதை ஒட்டி, ஆண்கள் போடும் ரப்பர் செருப்பு ஒரு ஜோடி. உள்ளே அவள் தனியாகத்தான் இருந்தாள்.

எழுந்து போய்க் கதவைத் தள்ளி எட்டிப் பார்த்தாள். மதிய வெயிலில் தகரக் கூரை முறுக்கிக்கொள்ளும் சத்தம், அட்டைப் பெட்டிகளின் ஈர வாசனை, கடைசி லாரிக்காக ரோஜாக் கட்டுகளை ஓட்டமும் நடையுமாகத் தூக்கிப் போகும் பெண்கள். தரையில் அவளுடைய செருப்பு மட்டும்தான் இருந்தது. திரும்பி வந்து திரையைப் பார்த்தாள். இரண்டு ஜோடி.

தொரப்பள்ளிக்கு அந்தப் பக்கம் இருந்த அந்த ரோஜாப் பண்ணையில், இணையதளத்தை ஓட்டும் சர்வரைக் குளிர் அறைக்குள் வைத்ததற்குக் காரணம் எளிமையானது. மின்வெட்டு வந்தால் ஜெனரேட்டர் குளிர் அறைக்கு மட்டும்தான் கரண்ட் கொடுக்கும். சர்வர் சூடாகும், அறை குளிரும், ஒன்றுக்கொன்று சரியாகப் போகும் என்று முதலாளி சௌந்தரராஜன் கணக்குப் போட்டார். கதவை ஒட்டிய மூலையில் கனத்த பிளாஸ்டிக் பட்டைகளைத் திரையாகத் தொங்கவிட்டு, இந்தப் பக்கம் சர்வர், அந்தப் பக்கம் நான்கு டிகிரி குளிரில் ரோஜாப் பெட்டிகள் என்று பிரித்திருந்தார்கள்.

பூ இருக்கும் இடத்தில் அழுக்கு சேரக் கூடாது என்பதால் யாரும் செருப்போடு உள்ளே வருவதில்லை. அதிலிருந்து ஒரு வழக்கம் தானாக உண்டாகியிருந்தது. வெளியே செருப்பு கிடந்தால் உள்ளே ஆள் இருக்கிறது. செருப்பு இல்லையென்றால் வாட்ச்மேன் இரும்புத் தாழைப் போட்டுவிடலாம்.

கேமரா, சர்வரைப் பார்த்துக்கொண்டிருந்த சுபாஷின் யோசனை. உங்கள் ரோஜா கட்டப்படுவதை நேரில் பாருங்கள் என்று தளத்தின் முகப்பில் ஒரு கட்டம். அதில் பேக்கிங் கூடமும் குளிர் அறைக் கதவும் முப்பது நொடிக்கு ஒருமுறை படமாக வந்து விழும். வருடம் முழுக்க ஒரு நாளைக்கு இருநூறு பேர் பார்க்கும் தளம் அது. பிப்ரவரி இரண்டாவது வாரம் வந்தால் நாற்பதாயிரம் பேர். காதலர் தினத்துக்கு முந்தைய நாள் அதைவிட அதிகம்.

போன வருடம், 2008 பிப்ரவரி பதின்மூன்றாம் தேதி, அந்தக் கூட்டம் தாங்காமல் தளம் விழுந்தது. அதை எழுப்பத்தான் சுபாஷ் இந்த அறைக்குள் வந்தான். வாட்ச்மேன் மாதப்பன் வெளியே தாழைப் போட்டுவிட்டார். சுபாஷுக்கு வீசிங் இருந்தது. மறுநாள் காலையில் கதவைத் திறந்தபோது பெட்டிகளுக்கு நடுவே முழங்காலைக் கட்டிக்கொண்டு, உயிரில்லாமல் உட்கார்ந்திருந்தான். செருப்பு கதவுக்கு வெளியே அப்படியே கிடந்தது.

"செருப்பு இல்லீங்க மேடம். கும்புட்டுச் சொல்றேன், நான் பாத்துட்டுத்தான் தாழ் போட்டேன்," என்று மாதப்பன் போலீஸ் ஜீப்பில் ஏறும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். யாரும் நம்பவில்லை. ஜெபசீலியும் நம்பவில்லை. சுபாஷும் அவளும் தங்கள் வீடுகளில் இன்னும் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை; அதனால் அவளுக்கு ஊரறிய அழவும் முடியவில்லை. மாதப்பனின் மனைவி கெம்பம்மா கேட்டருகே வந்து நின்றபோது ஜெபசீலி முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். அவளை மடியில் போட்டுத் தலையைத் தடவிக் கொடுத்தவள் சுப்ரியா ஒருத்திதான். பேக்கிங் கூடத்தின் சூப்பர்வைசர். ஓசூரில் அவளோடு ஒரே அறையில் வாடகைக்கு இருப்பவள்.

இந்த வருடம் தளம் விழாது என்று ஜெபசீலி தனக்குத்தானே சத்தியம் செய்திருந்தாள். அதற்கு அவள் செய்த வேலை நுட்பமானது. வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கத்தைப் புதிதாகத் தயாரித்துக் கொடுப்பது சர்வரின் வேலை. ஒரே கல்லில் ஆளுக்கு ஒரு தோசை ஊற்றுகிற மாதிரி. நாற்பதாயிரம் பேர் வந்து நின்றால் கல் தாங்காது. அதனால் எல்லாப் பக்கங்களையும் முன்கூட்டியே நகலெடுத்து, பெங்களூரில் இருக்கும் பெரிய சர்வர் ஒன்றில் அடுக்கிவிட்டாள். வருகிறவர்களுக்கு அது நகலை நீட்டும். ஆர்டர்களையும் அதுவே வாங்கி வைத்துக்கொள்ளும். இங்கே லைன் போனாலும், இந்த மெஷினே செத்தாலும், நாளை இரவுவரை தளம் நிற்கும். ஒருவருக்கும் வித்தியாசம் தெரியாது. இன்று, அதே பதின்மூன்றாம் தேதி, மதியம் மூன்று மணிக்கு முப்பத்தெட்டாயிரம் பேர் வந்து போயிருந்தார்கள். ஒரு பக்கம்கூடத் தடுமாறவில்லை.

அப்படியென்றால் இந்தச் செருப்பு எங்கிருந்து வருகிறது?

நெருங்கிப் பார்த்தாள். இடது செருப்பின் அறுந்த வாரில் நீல நிற நெட்வொர்க் ஒயர் சுற்றிக் கட்டியிருந்தது. சுபாஷ் அப்படித்தான் கட்டியிருந்தான். "இதுல நூறு எம்.பி. வேகத்துல நடக்கலாம்," என்று அன்று காலைகூடச் சிரித்தான்.

அவளுக்குக் காரணம் தேடுவது பழக்கம். டிஸ்க் நிரம்பியிருக்கும். புதிய படத்தை எழுத இடமில்லாமல் ஏதோ பழைய படம் கலந்து வருகிறது. அவ்வளவுதான். பழைய படங்களைத் தேடினாள். சுபாஷைத் தவிர யாருக்கும் தெரியாத ஒரு ஃபோல்டரில் அவை இருந்தன, தேதியும் மணியுமே பெயராக. போன வருடத்துப் பதின்மூன்றாம் தேதியும் இருந்தது. தளம் விழுந்தபோது கேமராவும் நின்றுவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். தளம் வேறு, கேமரா வேறு. பார்க்க யாரும் இல்லாவிட்டாலும் கேமரா எடுத்துக்கொண்டே இருந்திருக்கிறது.

4:41. கதவருகே நீல ஒயர் செருப்பு.

முப்பது நொடி கழித்து, ஒரு பெண் குனிந்திருக்கிறாள். வலது கையில் மட்டும் மஞ்சள் உறை. முள் குத்தாமல் இருக்க சுப்ரியா போட்டுக்கொள்வது.

4:42. செருப்பு இல்லை.

5:20. மாதப்பன் வந்து தரையைப் பார்க்கிறார். சுற்றிலும் பார்க்கிறார். தாழைப் போடுகிறார்.

மறுநாள் காலை 6:10. மஞ்சள் உறை. செருப்பைத் திரும்பக் கொண்டுவந்து, நேராக, ஜோடியாக வைக்கிறது.

குளிர்விசிறி சுற்றும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் கூடத்து மேசைக்கு மட்டும் போகும் இன்டர்காமை எடுத்தாள்.

"என்னடி, உள்ளயே உறைஞ்சிட்டியா?" என்றாள் சுப்ரியா. "லாரி போயிடுச்சு. பொம்பளைங்களும் வேன்ல ஏறிட்டாங்க. வா, பஸ் ஸ்டாண்டுல போண்டா சாப்ட்டுப் போலாம். இனிமே திங்கக்கிழமைதான் இந்த மூஞ்சிங்களப் பாக்கணும்."

"சுப்ரியா, போன வருசத்துப் படமெல்லாம் இங்க இருக்கு."

"எந்தப் படம்?"

"கேமரா படம். பதிமூணாந்தேதி."

"அன்னிக்குத்தான் சைட்டு விழுந்துடுச்சே."

"சைட்டுதான் விழுந்துச்சு. நீ செருப்ப எடுத்தது தெரியுது."

சுப்ரியாவின் குரல் மெலிதாக வந்தது. "முதலாளிதான் சொன்னாரு. சைட்டு எந்திரிச்சா ஊரே பாக்கும், கேமராவுல செருப்பு தெரிஞ்சா அசிங்கம்னு. மேசைக்கு அடியில தள்ளுனேன். அப்புறம் கூட்டத்துல மறந்துட்டேன் ஜெபா. சத்தியமா மறந்துட்டேன்."

"மறந்த, சரி. காலையில திரும்பக் கொண்டாந்து வெச்சியே, அது?"

ஜெபசீலி ரிசீவரை மறு காதுக்கு மாற்றினாள்.

"மாதப்பன் ஜெயிலுக்குப் போனாருடி. ராத்திரி ராத்திரி நான் அழுதப்போ பக்கத்துலதானே படுத்திருந்த?"

"யார்கிட்டயாவது காட்டினியா?"

பொய் சொல்லியிருக்கலாம். அவளுக்குத் தோன்றவில்லை. "இல்ல. உன்கிட்டதான் முதல்ல கேக்குறேன்."

"இரு," என்றாள் சுப்ரியா. "வர்றேன்."

ஜெபசீலி கதவருகே போகவில்லை. வரட்டும், முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும் என்று உட்கார்ந்திருந்தாள்.

திரையில் இன்றைய படம், 3:52. வெறும் கூடம். தூரத்தில் சுப்ரியா.

அடுத்த படம். கதவருகே சுப்ரியா. குனிந்திருக்கிறாள்.

3:53. பழுப்புச் செருப்பு இல்லை.

கதவுக்கு வெளியே இரும்பு இரும்போடு உரசிற்று. கனமாக. ஒருமுறை.

பாய்ந்து போய் உள்கைப்பிடியைத் திருகினாள். கைப்பிடி திரும்பியது. கதவு அசையவில்லை. கைப்பிடிக்கும் அந்தத் தாழுக்கும் சம்பந்தமில்லை. அது திருட்டுக்குப் பயந்து பிற்பாடு வெளியே அடித்தது. சுபாஷ் போனபிறகு உள்ளே ஒரு மணி பொத்தான் வைத்தார்கள். அழுத்தினாள். கூடத்தில் மணி அடிப்பது சுவர் வழியாகக் கேட்டது. திரையில் அடுத்த படம் வந்தது. சுப்ரியா மணிக்கு நேர் கீழே நிற்கிறாள். நிமிர்ந்து அதைப் பார்க்கிறாள்.

செல்போனில் ஒரு கோடுகூட இல்லை. தகரமும் தெர்மோகோலும் அடைத்த சுவர். மெயில் அனுப்பலாம். தளத்தின் முகப்பிலேயே எழுதலாம், நான் உள்ளே இருக்கிறேன் என்று. விசைப்பலகையில் கை வைத்தபோது அடுத்த படம் வந்தது. சுப்ரியா சுவரோரம். கூடத்து மோடத்தின் ஒயர், மஞ்சள் உறைக்குள்.

லைன் செத்துவிட்டது.

ஒன்றும் ஆகாது. பெங்களூர் நகலை நீட்டிக்கொண்டே இருக்கும். அவள் அவ்வளவு நன்றாகச் செய்திருந்தாள். அங்கே நின்றுபோன கடைசிப் படத்தில் என்ன இருந்தாலும் சரி, பார்க்கிற ஆயிரக்கணக்கானவர்களில் அந்தச் செருப்புக்கு என்ன அர்த்தம் என்று தெரிந்தவர் யாரும் இல்லை. ஜெபசீலி எங்கே என்று கேட்க வேண்டியவள் ஒருத்திதான். அவளோடு ஒரே அறையில் இருப்பவள்.

கேமராவின் ஒயர் மட்டும் சுவரின் ஓட்டை வழியாக நேராக உள்ளே வருகிறது. அதனால் படங்கள் வந்துகொண்டிருந்தன.

3:57. கூடத்தில் யாருமில்லை.

நீல ஒயர் செருப்பு மட்டும் கிடந்தது. இதுவரை பக்கவாட்டில் கிடந்தது. இப்போது அதன் முனை கதவைப் பார்த்திருந்தது.

அடுத்த படம். கதவுக்கு ஒரு விரற்கடை தூரம்.

3:58. செருப்பு இல்லை.

கதவு திறக்கவில்லை. தாழ் அசையவில்லை.

பிளாஸ்டிக் பட்டைகளுக்கு அந்தப் பக்கம், ஈரத் தரையில், ரப்பர் ஒட்டிப் பிரியும் சத்தம். சப். பெட்டிகளின் நடுவிலிருந்து. சப். இந்த அறைக்குள் யாரும் செருப்போடு வருவதில்லை. இழுத்து இழுத்து விடும் மூச்சு. சட்டென்று நிற்கிறது. மறுபடி இழுக்கிறது.

"சுபாஷ்?"

பட்டைகள் அசையவில்லை. அவற்றின் அடியில், தரையை ஒட்டி, முதலில் நீல ஒயர் தெரிந்தது. பிறகு இரண்டு செருப்புகளும். முனைகள் அவளைப் பார்த்து.

உள்ளே கால்கள் இல்லை.

இடது செருப்பு ஓர் அடி முன்னால் வந்தது.