ஏழுக்குக் குரல் கொடுத்தவன்

வயநாட்டுக் காட்டோரம் ஜீப் நின்றபோது காலை மணி ஒன்பது. பன்னிரண்டு பேர் இறங்கினார்கள். கையில் கத்தி, பையில் மரவள்ளிக்கிழங்கும் மீன்குழம்பும், வாயில் ஊர்வம்பு. மஞ்சக்கொன்னையை ஒழிக்கச் சனிக்கிழமைதோறும் தாங்களாகவே வருகிற கூட்டம் அது.

எங்கிருந்தோ வந்த மரம், மஞ்சள் பூவைக் காட்டிக் காட்டியே பாதிக் காட்டை விழுங்கிவிட்டது. அதன் கீழே புல் முளைக்காது, மான் வராது. வெட்டினால் ஒன்றுக்குப் பத்தாகத் துளிர்க்கும். அதனால் நெஞ்சுயரத்திலிருந்து வேர்வரை பட்டையை உரித்து, நிற்கவைத்தே சாகடிப்பார்கள். ஒரு விரல் அகலம் பட்டை மிச்சமிருந்தாலும் போச்சு, மரம் பிழைத்துக்கொள்ளும்.

பென்னிக்கு அன்று வர மனமே இல்லை. போன வருடம் உரித்த இடத்துக்கே போகிறோம், துளிர் இருக்கிறதா பார்க்க வேண்டும் என்று கூட்டத்தை நடத்துகிற ஓமனா டீச்சர் சொல்லியிருந்தார். வராமலிருந்தால் ஏன் என்று கேட்பார்கள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவனுக்கு ஒரு வருடமாகக் குறுகுறுத்தது.

ஆனைக்காடு என்பதால் டீச்சர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். ஆளுக்கொரு எண். "எண்ணுங்க" என்று அவர் குரல் கொடுத்தால், அவரவர் நிற்கிற இடத்திலிருந்தே வரிசையாகச் சொல்ல வேண்டும். பென்னி நாலு. ஆறுக்கு அப்புறம் எட்டு. ஏழு என்ற எண்ணை இப்போது யாருக்கும் கொடுப்பதில்லை. அது வெளுக்கனுடையது.

வெளுக்கன் பணியர் என்ற பழங்குடியினரின் குடியிருப்பிலிருந்து வந்தவர். கையிலிருக்கிற பட்டையை வேர்வரை இழுத்து முடிக்காமல் வாயைத் திறக்க மாட்டார். எண்ணிக்கை எப்போதும் ஏழில் முட்டி நிற்கும். கடைசியில் "ஏ...ழு" என்று ஒரு இழுவை வரும். பென்னி சர்ச் திருநாள் மேடைகளில் மிமிக்ரி செய்கிறவன். அந்த இழுவையை அப்படியே செய்து காட்டி எல்லாரையும் சிரிக்க வைப்பான். தன்னைவிட இருபது வயது மூத்தவரை 'சேட்டா' என்று ஒருநாள்கூடக் கூப்பிட்டதில்லை.

போன வருடம், மழை இறங்குகிற நேரம். சாயங்காலம் அவனுக்கு மேடை இருந்தது. எண்ணிக்கை ஏழில் நின்றுவிட்டது. கிழவன் பட்டையை முடித்துவிட்டுத் தானே வீட்டுக்குப் போவான் என்று மரத்து மறைவிலிருந்து பென்னியே "ஏ...ழு" என்று இழுத்துவிட்டான். எல்லாரும் கிளம்பினார்கள். வெளுக்கனுக்கு ஜீப்பில் ஏறுகிற வழக்கமில்லை. காட்டு வழியே வீட்டுக்கு நடந்துவிடுவார் என்பதால் யாரும் தேடவில்லை.

மறுநாள் காலை, ஆனையைத் தடுக்க வெட்டிய பழைய அகழியில், இடுப்பு முறிந்து, பிணமாகக் கிடந்தார்.

ஏழு சொன்னதை எல்லாரும் கேட்டிருந்தார்கள். ஆகவே, எண்ணிக்கை முடிந்தபின் குடித்துவிட்டுக் காட்டுக்குள் திரும்பிப் போய் விழுந்திருப்பார் என்று ஊர் முடிவு கட்டியது. வாழ்நாளில் சொட்டுச் சாராயம் தொடாத மனிதர். அடக்கத்தன்று யாரோ அப்படிச் சொன்னபோது பென்னியும் தலையாட்டினான். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இன்றும் அவனுக்கு உடம்பு கூசும்.

இதோ, எட்டாம் எண்ணாக அவர் மகள் அம்மிணி முன்னால் நடந்துகொண்டிருக்கிறாள். அப்பாவின் கத்தியோடு வந்திருக்கிறாள்.

உரித்த மரங்கள் வெளுத்துக் காய்ந்து நின்றன. காற்றுக்கு ஒன்றோடொன்று தட்டிக்கொண்டன. நடுவில் ஒரே ஒரு மரம் மட்டும் பூத்துக் குலுங்கியது. ஒரு பாதி உரித்திருந்தது. மறுபாதியில் பட்டை அப்படியே இருந்தது.

யார் பாதியில் விட்ட மரம் என்று ஒருவரும் கேட்கவில்லை.

"எண்ணுங்க" என்றார் டீச்சர்.

ஒன்று, இரண்டு, மூன்று. "நாலு" என்றான் பென்னி. ஐந்து. ஆறு.

"ஏ...ழு."

பூத்த மரத்தின் பின்னாலிருந்து வந்தது. காற்றும் நின்றுவிட்டது.

எல்லாரும் பென்னியைத்தான் திரும்பிப் பார்த்தார்கள்.

"பென்னி," டீச்சர் குரலைத் தாழ்த்தினார். "செத்த மனுஷனை வச்சு விளையாடுவியா? அதுவும் இவ முன்னாடி?"

"நான் இல்ல டீச்சர்."

"உன்ன விட்டா யாருக்குடா அது வரும்?"

அம்மிணி குனிந்தபடி கத்தியைத் துடைத்தாள். "பரவால்ல விடுங்க டீச்சர். அப்பன் அப்படித்தான் சொல்லும். சேட்டன் நல்லாத்தான் சொல்றாரு."

அறைந்திருந்தால்கூடத் தேவலை. பென்னி கூட்டத்தை விட்டு ஒதுங்கி, தனியே துளிர் தேடிக்கொண்டு போனான். மத்தியானச் சாப்பாட்டுக்கும் வரவில்லை.

மூன்று மணிக்கு மூடுபனி இறங்கியது. எங்கோ பட்டை உரிபடுகிற சத்தம், நீளமாக, நிதானமாக, வேர்வரை. பச்சைப்பட்டை வாசம் வந்தது. காய்ந்த மரங்களுக்குள் யார் உரிக்கிறார்கள் என்று பார்க்கப் பென்னி நாலடி வைத்தான்.

தரை இல்லை.

விழுந்த பிறகுதான் அது அகழி என்று தெரிந்தது. கணுக்கால் மடங்கிக்கொண்டது. மேலே புதர் மூடிக்கொண்டது. தூரத்தில் டீச்சரின் குரல்.

"கிளம்பலாம். எண்ணுங்க."

ஒன்று. இரண்டு. மூன்று.

பென்னி வாயைத் திறந்தான்.

"நாலு."

அவன் சொல்லவில்லை. அகழியின் விளிம்பில், தலைக்கு மேலே, அவன் குரலிலேயே யாரோ சொன்னார்கள். அவன் மேடையில் பேசுகிற அதே தெளிவான குரல்.

ஐந்து. ஆறு. எட்டு. பதிமூன்றுவரை ஓடி முடிந்தது.

"சரி, வாங்க" என்றார் டீச்சர்.

"நான் இங்க இருக்கேன்" என்று கத்தினான். சருகு மிதிபடுகிற ஓசை தூரமாய்ப் போய்க்கொண்டிருந்தது.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அன்றைக்கு வெளுக்கனும் இதே மண்ணில் கிடந்து, தன் எண்ணை வேறொருவன் சொல்வதைக் கேட்டிருக்கிறார். சொன்னது யார் என்றும் தெரிந்திருக்கும். எத்தனை முறை அந்தக் கேலியைக் கேட்டுச் சிரித்திருக்கிறார். பயம் போய்விட்டது. வெட்கம்தான் மிச்சமிருந்தது.

"வெளுக்கன் சேட்டா," என்றான் மேலே பார்த்து. பிறகு அடிவயிற்றிலிருந்து கத்தினான். "போன வருஷம் ஏழு சொன்னது நான்தான். அவரு குடிக்கல. அவரு திரும்பிப் போகவே இல்ல. நான்தான் சொன்னேன்."

காலடிகள் நின்றன.

அவனைத் தூக்கி வெளியே எடுக்கக் கால்மணி நேரமாயிற்று. ஒருவரும் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். அம்மிணி மட்டும் எதிரில் வந்து நின்றாள்.

"எங்க குடியிருப்புக்கு வந்து சொல்லணும். இதே சத்தத்துல."

"சொல்றேன்."

"அம்மாவுக்கும் கேக்கணும்."

"சொல்றேன் அம்மிணி." அவளை நிமிர்ந்து பார்க்க அவனால் முடியவில்லை.

டீச்சர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இன்னொரு தடவை எண்ணிடுவோம்" என்றார். இந்த முறை எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து நெருக்கமாக நின்றார்கள்.

ஒன்று. இரண்டு. மூன்று.

"நாலு" என்றான் பென்னி. குரல் பிசிறியது. சொல்லிவிட்டு இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டான்.

ஐந்து. ஆறு.

அம்மிணி எட்டு சொல்லவில்லை. பூத்த மரத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். பனிக்குள் ஒரு பட்டை மெதுவாக உரிந்து, வேர்வரை போய், அறுந்து விழுந்தது.

"ஏ...ழு."

அதற்குப் பிறகுதான் அவள் "எட்டு" என்றாள்.